சிவப்புத் தேநீரின் கதை



சென்ற மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் சக ஆசிரியை ஒருவர் ஒரு தேநீர்ப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "இரத்தக் கொழுப்பைக் குறைக்குமாம், இனி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார். பொட்டலத்தில் 'ரோய்போஸ்' என்று அச்சிட்டிருந்தது. நம் பேரங்காடிகளில் நீங்களும் கண்டிருப்பீர்கள். அவருக்கு உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே தேடிப் படித்தேன்.

ரோய்போஸ் என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'சிவப்புப் புதர்' என்று பொருள். இது தேயிலைச் செடியன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஊசி போன்ற இலைகளையுடைய செடி. தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைகளிலும் அவற்றை அடுத்த நிலங்களிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. வியப்பு என்னவெனில், அதன் இலை பச்சை நிறமே! சிவப்பு, மனிதர் கைபட்ட பின்னரே வருகிறது.

அம்மலைப் பகுதியின் தொல்குடிகளான சான், கோய் மக்களிடமிருந்து வந்ததாகக் கருதப்படும் முறை இது. கோடையில் கிளைகளை அறுத்து, பொடியாக நறுக்கி, மரச்சுத்தியலால் நசுக்குவர். நீர் தெளித்துக் குவித்து வைப்பர். குவியல் சூடேறி, இலை செம்பழுப்பாகித் தேன்மணம் வீசும். பின்னர் வெயிலில் பரப்பி உலர்த்துவர். இதனை நொதித்தல் என்பது வழக்கம். உண்மையில் உயிர்வளியால் நிகழும் மாற்றம் இது. நறுக்கிய ஆப்பிள் பழுப்பதும் இவ்வாறே. (வகுப்பில் செய்துகாட்ட எளிய சோதனை.) இன்று இயந்திரங்கள் வந்துவிட்டன, முறை மாறவில்லை.

1904-இல் ரஷ்யாவிலிருந்து குடியேறிய பெஞ்சமின் கின்ஸ்பெர்க் என்னும் வணிகர் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பயிரிடுவதுதான் கடினமாக இருந்தது. நெற்று முற்றியதும் வெடித்து, சிறு விதைகளைச் சிதறடித்துவிடும். விதையின் தோலோ மிகக் கடினம். 1930-களில் கிளான்வில்லியம் ஊர் மருத்துவர் லெ ஃப்ராஸ் நோர்ட்டியர் விதைத்தோலைக் கீறி முளைக்கச் செய்தார். எறும்புப் புற்றில் விதைகள் சேர்ந்திருப்பதைக் கண்டு அவருக்குத் திரட்டித் தந்தவர் அவ்வூர்ப் பெண் ஒருவர் என்று இன்றும் சொல்லப்படுகிறது. மருத்துவர் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. 2019-இல்தான், அறுவடை விலையில் 1.5 விழுக்காட்டைச் சான், கோய் மக்களுக்கு வழங்கும் உடன்பாடு ஏற்பட்டது. எத்தனை தாமதம்!

இனி கொழுப்புக்கு வருவோம். ரோய்போஸில் அஸ்பலாதின் என்னும் சிறப்புப் பொருள் உண்டு. மருத்துவப் பயன் பேசுவோர் பெரும்பாலும் இதனையே சுட்டுவர். ஆனால் இலை சிவக்கச் சிவக்க, அதன் பெரும்பகுதி அழிந்துபோகிறது. நசுக்கிக் குவிக்காமல் விரைந்து உலர்த்திய பச்சை ரோய்போஸில் அது மிகுதி. பொட்டலத்தின் முன்பக்கம் புகழும் பொருள், உள்ளிருக்கும் சிவப்பு இலையில் சிறிதளவே இருக்கலாம்.

அதற்காகச் சிவப்பு இலையைப் பயனற்றதென்றும் தள்ளிவிட இயலாது. 2011-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வொன்றில், இதயநோய் வாய்ப்புள்ள 40 பேர் சிவப்பு ரோய்போஸையே நாளொன்றுக்கு 6 குவளை வீதம் 6 வாரம் அருந்தினர். கெட்ட கொழுப்பின் சராசரி லிட்டருக்கு 4.6 மில்லிமோலிலிருந்து 3.9 ஆகக் குறைந்தது. நல்ல கொழுப்பு 0.9-இலிருந்து 1.2 ஆக உயர்ந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் 40 பேர், 6 வாரம் என்பது சிறிய அளவு. மாத்திரைக்கு மாற்றாகுமா என்பதை அவ்வாய்வு சோதிக்கவும் இல்லை. நம்மவர் பலர் 6 குவளையும் அருந்துவதில்லை. அருந்தும் ஒரு குவளையிலும் கெட்டிப்பால் ஊற்றிவிடுகிறோம்!

இவற்றையெல்லாம் அந்த ஆசிரியையிடம் சொன்னேன். சற்று ஏமாற்றமடைந்தார். மாத்திரையை நிறுத்தவில்லை, அடுத்த இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது பொட்டலத்தையும் மருத்துவரிடம் காட்டுவதாகக் கூறியிருக்கிறார்.