டம்பி லெவலும் ரெண்டு முளையும்

"சைட்டுக்கு ஒரு லெவல் வாங்கணும், எதை வாங்கலாம்?"னு நண்பர் கேட்டார். பதிலா ஒரு குட்டி வரலாறு :-)

ஆரம்பத்துல இருந்தது 'ஒய் லெவல்'. தொலைநோக்கி ரெண்டு கவட்டையில உட்கார்ந்திருக்கும். 1832-ல, இங்கிலாந்துல ரயில் பாதைக்கு மட்டம் பார்த்த வில்லியம் கிராவட், குட்டையான குழலோட ஒண்ணை உருவாக்கினார். அதுதான் 'டம்பி'. அதுலயும் குமிழியை நடுவுல நிறுத்துறது ஆளோட வேலைதான்.

1950-ல ஜெர்மனியின் ஜைஸ் கொண்டுவந்த 'என்ஐ2' அந்த வேலையைக் குறைச்சது. வட்டக் குமிழியை சுமாரா நிறுத்தினா போதும். உள்ளே தொங்குற காம்பன்சேட்டர் பார்வைக் கோட்டைக் கிடைமட்டமாக்கிடும். இன்னிக்கு சைட்டுல பார்க்குற ஆட்டோ லெவல் எல்லாம் இந்த வழிதான்.

அதனால கண்ணை மூடிட்டு வாங்கலாமா? நான் அப்படித்தான் பழசு ஒண்ணு வாங்கினேன். குமிழி என்னவோ அழகா நடுவுலதான் நின்னுச்சு. கருவியை இடம் மாத்தி வச்சு ரெண்டு நாளா போட்ட கிடங்கு தரை, இணைப்புல 12 மி.மீ. படியா நின்னுச்சு. உடைச்சுப் போட்ட செலவு கருவி விலையைத் தாண்டிடுச்சு.

அதனால, கடையிலயே கேளுங்க. 40 மீட்டர் இடைவெளியில ரெண்டு முளை. நட்ட நடுவுல கருவியை வச்சு உயர வித்தியாசம் எடுங்க; தூரம் சமம்ங்கிறதால பிழை அடிபட்டுடும். அப்புறம் ஒரு முளைக்குப் பக்கத்துல வச்சு எடுங்க. ரெண்டு விடையும் ஒத்துப்போனா வாங்குங்க. 24 மடங்கா, 32 மடங்காங்கிறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

உங்க லெவல் கடைசியா எப்போ கீழே விழுந்துச்சு? :-)