பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவு மீட்பு: ஒரு தொழிலின் வரலாறு

ஹார்ட் டிஸ்க் ஓடாமல் நின்றுபோனாலும் அதன் தட்டில் பதிந்தவை அழிவதில்லை. மோட்டார் எரியலாம், படிக்கும் ஹெட் உடையலாம், சர்க்யூட் போர்டு கருகலாம். தட்டின் மேல் இருக்கும் காந்தப் பதிவு அப்படியே கிடக்கும். தரவு மீட்பு என்ற தொழில் இந்த ஓர் உண்மையை நம்பித்தான் பிறந்தது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கச் சுருங்க, பழுதான டிஸ்க்கில் அந்தப் பதிவை எட்டிப் பிடிப்பதும் கடினமாகிக்கொண்டே வந்தது.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் கணினியுடன் வந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவானது அது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. இவ்வளவுக்கும் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்தான். தட்டில் ஹெட் உரசிவிடாமல் இருக்க, அழுத்திய காற்றை ஊதி இரண்டையும் விலக்கி வைத்தார்கள்.

1960களில் தட்டுகளை ஓர் அடுக்காகக் கழற்றி மாட்டும் வசதி வந்தது. கூடவே ஒரு தொற்றுநோயும் வந்தது. ஓர் அடுக்கின் மேல் ஹெட் விழுந்து கீறிவிட்டால், எந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்து ஊழியர் அந்த அடுக்கைப் பக்கத்து எந்திரத்தில் மாட்டிப் பார்ப்பார். கீறல் விழுந்த தட்டு அங்கிருந்த ஹெட்டையும் கெடுக்கும். கெட்ட ஹெட், அடுத்து மாட்டப்படும் நல்ல அடுக்கைக் கீறும். இழந்ததை மீட்க அப்போது இருந்த வழி, காந்த நாடாவில் எடுத்து வைத்திருந்த நகலை மறுபடி ஏற்றுவது மட்டுமே. 1973இல் ஐபிஎம் 3340, ‘வின்செஸ்டர்’ என்ற செல்லப் பெயருடன் வெளியானது. தட்டும் ஹெட்டும் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்டன. இடைவெளி அரை மைக்ரானுக்கும் கீழே இறங்கியது. அந்த அளவில் புகைத் துகள்கூட ஒரு பாறைதான். உறையைத் திறப்பதே டிஸ்க்குக்கு ஆபத்து என்ற நிலை அன்று தொடங்கியது.

சாதாரண மனிதர்கள் தரவை இழக்கத் தொடங்கியது பெர்சனல் கம்ப்யூட்டர் வந்த பிறகு. 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பீட்டர் நார்டன், டெலிட் செய்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவரும் மென்பொருளை விற்கத் தொடங்கியிருந்தார். அது வேலை செய்த விதம் எளிது. அந்தக் கணினிகளின் இயங்குதளமான டாஸ் ஒரு ஃபைலை அழிக்கும்போது உள்ளடக்கத்தைத் தொடாது. பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அங்கே 229 என்ற எண்ணை வைக்கும். ஃபைல் இருந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கால மீட்பு மென்பொருள்கள், முதல் எழுத்து இல்லாத பெயரைத் திரையில் காட்டி, விட்டுப்போன எழுத்தைப் பயனரிடமே கேட்டன. ஓர் எழுத்தைக் கொடுத்தால், புதிதாக எதுவும் மேலே எழுதப்படாதவரை, ஃபைல் பெரும்பாலும் திரும்பிவிடும்.

எந்திரமே பழுதானால் மென்பொருளால் பயனில்லை. ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டு மோட்டார் சுழலாமல் போவது அந்தக் காலத்தில் அடிக்கடி வந்த கோளாறு; டிஸ்க்கின் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் சில நேரம் விட்டுக்கொடுக்கும். இடைவெளி சில நானோமீட்டருக்கு வந்துவிட்ட இன்றைய டிஸ்க்கில் இதே வைத்தியத்தைச் செய்தால் தட்டே கீறிவிடும். 1985இல் அமெரிக்காவில் ஆன்ட்ராக், டிரைவ்சேவர்ஸ் நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. தூசி வடிகட்டிய அறையில் உறையைத் திறந்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து எடுத்த ஹெட்டைப் பொருத்திப் படிப்பது தனித் தொழிலாக வளர்ந்தது.

சர்க்யூட் போர்டு கருகினால் அதே மாடல் போர்டை மாற்றிப் போட்டுப் பழைய டிஸ்க்கை ஓட வைக்க முடிந்தது. பின்னர் அதுவும் பலிக்கவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் ஏற்பத் தொழிற்சாலையில் அளந்து வைத்த மதிப்புகள் போர்டிலுள்ள சிப்பில் சேர்ந்ததே காரணம். அந்தச் சிப்பையும் பெயர்த்துப் புதிய போர்டில் ஒட்ட வேண்டியதாயிற்று. இந்த உள் ரகசியங்களைப் படிக்கவும் திருத்தவும் உதவும் பிசி-3000 என்ற கருவியை ரஷ்யாவின் ஏஸ் லேப் உருவாக்கியது. பல நாட்டு மீட்புக் கூடங்களுக்கும் அது பரவியது. 2004இல் அன்டோனியோ டியாஸ் இலவசமாக வெளியிட்ட டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள், நலிந்த டிஸ்க்கை நகலெடுக்கும் ஒழுங்கைச் சாதாரணப் பயனருக்கும் தந்தது: சிக்கலில்லாத பகுதிகளை முதலில் எடுத்துவிட வேண்டும், முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்ப வேண்டும்.

இத்தொழிலின் எல்லையைக் காட்டிய நிகழ்ச்சி கொலம்பியா விண்கலத்தோடு சேர்ந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு பூமிக்குத் திரும்பும் வழியில் அது சிதறியது. அதில் செனான் வாயுவின் பாகுத்தன்மையை அளந்த ஒரு சோதனையின் பதிவுகள் 340 மெகாபைட் சீகேட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்ட ஏரிப் படுகை ஒன்றில், கருகி உருகிய பெட்டியாக அது கிடைத்தது. உறையின் அடைப்பு உருகி உள்ளே தூசி புகுந்திருந்தது. ஆனால் விபத்தின்போது தட்டுகள் சுழலவில்லை. அதனால் தூசி அவற்றை அரைத்துவிடவில்லை. டாஸில் ஓடியதால் பதிவுகள் டிஸ்க் எங்கும் சிதறாமல் ஓரிடத்தில் கூடியிருந்தன. ஆன்ட்ராக் பொறியாளர்கள் தட்டுகளைக் கழுவி வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்தினார்கள். 99 விழுக்காடு மீண்டது. அந்தச் சோதனையின் முடிவுகள் 2008இல் ‘ஃபிசிக்கல் ரிவியூ இ’ ஆய்விதழில் வெளிவந்தன. அதே விண்கலத்தின் வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை.

இன்று மடிக்கணினிகளில் தட்டுக்குப் பதில், சிப்புகளில் தரவைப் பதியும் எஸ்எஸ்டி வந்துவிட்டது. அதில் ஃபைலை அழித்ததும் டிரிம் என்ற கட்டளை போகிறது. அந்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துக் காலியாக்கிவிடுகிறது. நார்டன் காலத்தில் காத்திருந்த உள்ளடக்கம் இங்கே காத்திருப்பதில்லை. துடைத்த பிறகு, சிப்பைக் கழற்றி நேரடியாகப் படித்தாலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.