ஒலித்தட்டில் ஏறாத குரல்: பாவலர் வரதராஜன்

பண்ணைப்புரம் என்றதும் எல்லோருக்கும் ஒரே பேர்தான் ஞாபகம் வரும், இளையராஜா. அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது அவருக்கு முன்னால் அந்த ஊரிலிருந்து கிளம்பி, மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாடித் திரிந்த அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜனைப் பற்றி. நம்மில் பல பேருக்கு இந்தப் பெயர் சினிமா டைட்டில் கார்டில் வரும் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்ற அளவில்தான் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பாடகர் இருந்தார், அவருக்கென்று ஒரு கூட்டமும் இருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று போகிற சாலை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே போகும். மலையின் அந்தப் பக்கம் கேரளா, ஏலக்காய் எஸ்டேட், தேயிலை எஸ்டேட். இன்றைக்கும் விடியற்காலையில் போடியிலும் கம்பத்திலும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைப் பார்க்கலாம். மேப்பில்தான் அது வேறு மாநிலம். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அது வேலைக்குப் போகிற இடம், பெண் கொடுத்து பெண் எடுத்த இடம். தேனி மாவட்டமே 1996-ல்தான் பிறந்தது. பாவலர் காலத்தில் இதெல்லாம் மதுரை மாவட்டம்.

1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். கன்னியாகுமரி நம் பக்கம் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதிகளாக இருந்தும் கேரளாவிலேயே நின்றுவிட்டன. அடுத்த வருடம், 1957 ஏப்ரலில், ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அங்கே வந்தது. தேர்தலில் ஜெயித்து வந்த கம்யூனிஸ்ட் அரசு என்பதால் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆனால் பலம் என்னவோ குறைவுதான். மொத்தம் 126 இடத்தில் கட்சிக்கு 60, கூட ஐந்து சுயேச்சைகள். ஒரு இடம் போனாலும் வயிற்றைக் கலக்கும் நிலைமை.

அப்படி ஒரு இடம் போயேவிட்டது. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்துப் போட்டியிட இருந்த பி.கே. நாயரின் வேட்பு மனுவைத் தள்ளுபடி செய்தது சரியில்லை என்பது காரணம். 1958-ல் இடைத்தேர்தல். கேரள மாநிலத்தின் முதல் இடைத்தேர்தல் அதுதான். இரண்டு பக்கமும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். தலைவர்கள் பெரும்பாலும் மலையாளம் பேசுகிறவர்கள். ஓட்டுப் போட வேண்டிய தொழிலாளிகளோ தமிழர்கள். மலை முழுக்க லைன் வீடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள். எழுத்து தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இவர்களிடம் நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? மலையாளத்தில் ஒரு மணி நேரம் பேசித்தான் என்ன பயன்? தமிழில் பாடுகிற ஆள் வேண்டும். அதற்கு அடிவாரத்திலேயே ஒருவர் இருந்தார்.

பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர். சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார், தானே பாடுவார். கிராமத்து மெட்டுகளிலும், அந்தச் சமயத்தில் எல்லோர் வாயிலும் ஓடிக்கொண்டிருந்த சினிமா மெட்டுகளிலும் அரசியல் வார்த்தைகளைப் போட்டுப் பாடுவது அவர் பாணி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புது மெட்டாக இருந்தால் ஜனங்கள் மெட்டைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடுவார்கள். தெரிந்த மெட்டு என்றால் காது நேராக வார்த்தைக்குப் போய்விடும். இரண்டாவது தடவை பல்லவி வரும்போது கூட்டமே சேர்ந்து பாடும். மைக்செட் கிளம்பிப் போன பிறகும் பாட்டு லைன் வீட்டில் தங்கிவிடும்.

ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதாக ஒரு கதை நம் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். கேட்க நமக்குப் பெருமைதான். ஆனால் பாட்டு மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. தோட்டங்களில் தொழிற்சங்கம் வேலை செய்திருந்தது, புது அரசின் மேல் நம்பிக்கையும் இருந்தது. பாட்டு செய்தது வேறு காரியம். அரசாங்கத்துக்குத் தங்கள் பாஷை தெரியும் என்று மலை மேல் இருந்த தமிழர்களுக்கு அது காட்டியது. எல்லையில் தனியாக விடப்பட்டோம் என்று நினைத்தவர்களுக்கு அது சின்ன விஷயமா?

அந்தக் காலகட்டத்தில்தான் தம்பி ராசய்யா, அதாவது பின்னாளைய இளையராஜா, பதினான்கு வயதுப் பையனாக அண்ணனின் குழுவில் சேர்ந்தார். ஆரம்பத்தில் பெண் குரலில் பாடியவர். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். பாஸ்கரும் அமரும் கூடச் சேர 'பாவலர் பிரதர்ஸ்' ஊர் ஊராகப் போனது. கிட்டத்தட்ட பத்து வருடம்! மேடைக்கு மேடை வேறு கூட்டம். எந்த மெட்டுக்கு ஜனம் நிமிர்ந்து உட்காரும், எதற்குப் பீடி பற்ற வைக்க எழுந்து போகும் என்பதை இளையராஜா படித்தது அங்கேதான் என்பது என் கருத்து. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். 1973-ல் பாவலர் காலமானார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. நடுவில் மூன்றே வருடம். தம்பியின் பாட்டு ஊர் ஊராக ரேடியோவில் ஒலித்ததை அண்ணன் கேட்கவில்லை. 1981-ல் பாரதிராஜா இயக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' பாவலர் கிரியேஷன்ஸ் பெயரில் வந்தது. பெயர் திரைக்கு வந்துவிட்டது, குரல் வரவில்லை.

இதை நான் ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், குரல் பதிவாவதும் ஆகாததும் ஒரு பாடகரின் தலையெழுத்தையே மாற்றிவிடும். அதே காலத்தில் இங்கிலாந்தில் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பாடகி இருந்தார். பாப், சோல் இரண்டிலும் பெரிய பெயர். 1964-ல் தென்னாப்பிரிக்கா போனவர், கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்கார வைக்கிற அரங்கில் பாட மாட்டேன் என்று நின்றார். அந்த அரசு அவரை வெளியேற்றியது. 1970-களில் அவர் மார்க்கெட் சரிந்தது. ஆனால் 1968-ல் வந்த 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்' என்ற பாட்டை 1994-ல் 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில் போட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து ஒரு புதுத் தலைமுறை அவர் குரலைத் தேடிப் போய்க் கேட்டது. ரெக்கார்டு இருந்தது, அதனால் திரும்பி வர முடிந்தது.

நம் ஊரிலேயே ஒரு உதாரணம் உண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் பாவலரைப் போலவே கம்யூனிஸ்ட் இயக்கத்திலிருந்து வந்தவர். 1959-ல் 29 வயதிலேயே போய்விட்டார். ஆனால் அவர் பாட்டுகள் சினிமாவில் பதிவானதால் இன்றைக்கும் டீக்கடையில் ஓடுகின்றன. பாவலர் பாடிய இடம் திறந்தவெளி. வாய்வழியாக வந்த பாட்டு அந்த வாய்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

2025 மார்ச்சில் இளையராஜா தன் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியபோது நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். சந்தோஷம். ஆனால் பண்ணைப்புரத்திலிருந்து லண்டன் வரைக்குமான அந்தப் பாதையின் முதல் சில மைல்கள் தேவிகுளம் மலையேறிப் போகின்றன. அதைப் போட்டுக் கொடுத்தவர் ரெக்கார்டிங் தியேட்டர் வழியாக நம்மிடம் வராத ஒரு பாட்டுக்காரர்.

1958-ல் இருபது வயதில் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். போடி, கம்பம், தேவாரம், மூணாறு பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது எஸ்டேட்டில் இருந்திருந்தால், "பாவலர் பாட்டு ஞாபகம் இருக்கா?" என்று ஒரு தடவை கேளுங்கள். அவர்கள் நாலு வரி முணுமுணுத்தால் போதும், செல்போனில் பதிந்து வையுங்கள். மைக்செட்காரர்கள் செய்யாததை நம் பையில் இருக்கிற போன் செய்யும். அதற்கு இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன.