அடுப்புப் புகையும் இதயத்தின் வலது பக்கமும்

1/
"எனக்கு பீடி, சிகரெட் பழக்கமே இல்லையே, எனக்கு எப்படி டாக்டர் நுரையீரல் நோய் வரும்?" செம்பரம்பாக்கம் சுற்றுவட்டார அம்மாக்கள் பலரும் கேட்கிற கேள்வி. இதற்கான பதிலை 65 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பெண் மருத்துவர் எழுதி வச்சிருக்கார். அந்த வரலாறுதான் இந்த த்ரெட்.

2/
முதல்ல அடிப்படை. நுரையீரலில் எந்தப் பகுதிக்குக் காற்று சரியா போகலையோ, அங்கே ரத்தக்குழாய் சுருங்கிக்கும். 1946-ல் ஸ்வீடனில் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் என்ற இருவர் பூனைகளுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியது.

3/
சிஓபிடி முற்றினால் ஆக்சிஜன் குறைவு நிரந்தரமாகிடும். குழாய்கள் சுருங்கி, சுவர் தடித்து, நுரையீரலுக்குள் ரத்த அழுத்தம் கூடும். அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கும். கடைசியில் கால் வீக்கம். இதுதான் கார் பல்மோனேல். கையில் பார்க்கிற பிபி-யில் இது தெரியாது. அது நார்மலாகவே இருக்கலாம்!

4/
அந்தக் காலத்து பிரிட்டனில் இந்த நோய்னாலே சிகரெட், ஆலைப்புகை, நடுத்தர வயது ஆண்கள். பெண்கள் கணக்கிலேயே பெருசா வரலை.

5/
இங்கே வருகிறார் டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942-ல் ஜப்பான் படையெடுத்தபோது தாய், சகோதரிகளோடு தப்பி கோயம்புத்தூர் வந்தார். பிறகு லண்டன், அமெரிக்கா போய்ப் படித்து, 1953-ல் டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது பெண்களுக்கான மருத்துவமனை.

6/
1959-ல் 127 கார் பல்மோனேல் நோயாளிகளைப் பற்றி அவரும் சக மருத்துவர் பதக்கும் கட்டுரை வெளியிட்டாங்க. ஆண்களுக்கு இணையாகப் பெண்களும் பாதிக்கப்பட்டிருந்தாங்க. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். அப்போ என்ன காரணம்? சின்ன வயசிலிருந்தே காற்றோட்டமில்லாத சமையலறையில் வரட்டி, விறகுப் புகை.

7/
சிகிச்சை? 1981-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், தினமும் 15 மணி நேரமாவது வீட்டில் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் 5 வருடத்தில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர். ஆனா எல்லா சிஓபிடி நோயாளிக்கும் ஆக்சிஜன் தேவையில்லை. அளவு மீறினால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு கூடி ஆபத்தாகும். நீங்களே மெஷின் வாங்கி மாட்டிக்காதீங்க ப்ளீஸ். 🙏

8/
உஜ்வாலா திட்டம் வந்தது 2016-ல்தான். கேஸ் வந்தும் வெந்நீருக்கு விறகு எரிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அடுப்பு மாறிட்டாலும், 30, 40 வருஷம் உள்ளே போன புகை செய்த சேதம் மாறாது.

9/
டாக்டர் பத்மாவதி 2020 ஆகஸ்டில், 103 வயதில், கொரோனாவால் காலமானார். அவர் கேட்ட கேள்வியை இன்னிக்கு நீங்க உங்க வீட்டில் கேளுங்க: "அம்மா, எத்தனை வருஷம் விறகடுப்புல சமைச்சீங்க?" அவங்களுக்கு நடந்தால் மூச்சு வாங்குதா, நாள்பட்ட இருமலா, கால் வீங்குதா? "வயசாயிடுச்சு"ன்னு விடாதீங்க. ஸ்பைரோமெட்ரி, எக்கோ தேவையான்னு டாக்டரிடம் கேளுங்க. அந்த அடுப்புக் கணக்கையும் மறக்காம சொல்லுங்க.