மஞ்சளும் சுண்டெலியும்

பிறந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நாம், அஞ்சறைப் பெட்டியை மட்டும் விட்டு வந்தோமில்லை. அதிலுள்ள மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சு இந்நாளில் நம் செவியில் அடிக்கடி விழுகின்றது. இந்நம்பிக்கைக்கு ஆதாரம் யாது என்பதைச் சரித்திர வழியே காண்போம்.

1775ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு ஒருவகைப் புற்றுநோய் வருவதைக் கண்டு, புகைக்கரியே அதற்குக் காரணம் என்றார். நெடுங்காலத்துக்குப் பின், டோக்கியோவில் யாமகிவா, இச்சிகாவா என்னும் இருவர் முயல்களின் காதில் மாதக்கணக்காக நிலக்கரித் தாரைப் பூசிவந்து, 1915ஆம் ஆண்டில் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். நோயை வரவழைக்கும் முறை கைவந்த பின்னரே, அதனைத் தடுக்கும் பொருளைச் சோதித்தறியும் வழியும் பிறந்தது.

1988ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட சோதனை அவ்வகையது. சுண்டெலிகளின் தோலில் புற்றுநோய்க்கு வித்திடும் ரசாயனத்தை முதலில் தடவினர். பின்னர், கட்டியை வளர்க்கவல்ல, நேர்வாள எண்ணெயில் உள்ள ஒரு பொருளை வாரம் இருமுறையாக 20 வாரம் பூசினர். அதனுடன் மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினையும் அதிக அளவில் சேர்த்துப் பூசிய எலிகளில், கட்டிகளின் எண்ணிக்கை 98 சதவிகிதம் குறைந்தது.

வியக்கத்தக்க பலனே. ஆயினும் அங்கே தோலின்மேல் பூசியது தூய குர்க்குமின். நாம் குழம்பில் இடுவதோ ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். வாய்வழி உட்கொள்ளும் குர்க்குமினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தை அடைகின்றது.

எலியிடம் கண்ட பலனை மனிதனுக்கு உடனே உரித்தாக்கலாகாது என்பதற்குப் பின்லாந்து ஒரு பாடம். காரட் முதலியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் விலங்குகளிடம் நம்பிக்கை அளித்தது. அதனைப் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்ட ஆய்வில் சோதித்தனர். 1994ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. கரோட்டின் மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் மிகுந்திருந்தது!

விலங்குச் சோதனை வாசற்படி போன்றது. படியேறியவரெல்லாம் வீட்டுக்குரியவர் ஆகிவிடுவதில்லை. நம் குழம்பில் மஞ்சள் என்றும் மணக்கட்டும். ஆனால் அதனை நம்பி மருத்துவரின் சிகிச்சையைக் கைவிடலாகாது. புகையிலையை ஒழிப்பின் புற்றுநோய் அபாயம் குறையும் என்பது மனிதரிடமே கண்டறிந்த உண்மை. அதனை நாம் இன்றே கைக்கொள்ளலாம்.