1907: கார்லைல் அணியும் முன்வீச்சின் எழுச்சியும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னோக்கி எறிந்து ஆடும் முறையின் வரலாற்றை 1913 நவம்பர் 1-இல் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அன்று வெஸ்ட் பாயிண்டில், கஸ் டோரை எறிய நூட் ராக்னி பிடிக்க, நோட்ர டேம் அணி ராணுவக் கல்லூரியை 35-13 என வென்றது. அந்த வெற்றி பெரியதுதான். ஆனால் முன்வீச்சால் ஒரு பருவத்தையே நடத்த முடியும் என்று நாட்டின் முன்னணி அணிகளுக்கு எதிரே நிறுவியது 1907-ஆம் ஆண்டின் கார்லைல் பூர்வகுடித் தொழிற்பள்ளி அணி. சான்றுகள் இதையே காட்டுகின்றன.

1905 பருவத்தில் 18 பேர் வரை உயிரிழந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. உடல் பலத்தால் மோதித் தள்ளும் ஆட்டத்தை மாற்றக் கோரிய கூக்குரலின் விளைவாக 1906-இல் முன்வீச்சு அனுமதிக்கப்பட்டது. அனுமதி அரைமனதோடுதான் வந்தது. யார் கையிலும் படாமல் பந்து தரையில் விழுந்தால், அது எதிரணிக்கே போய்விடும். அதனால் பெரிய கல்லூரிகள் அதை நெருக்கடியில் மட்டும் கையாளும் கடைசி வழியாகவே வைத்திருந்தன.

பென்சில்வேனியாவின் பழைய ராணுவக் குடியிருப்பில் 1879-இல் நிறுவப்பட்ட கார்லைல், பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடை விதித்து, அவர்களை 'நாகரிகப்படுத்த' நடத்தப்பட்ட பள்ளி. அதன் ஆட்டக்காரர்கள் எடையில் எதிரணியினரைவிடக் குறைந்தவர்கள். வேகமே அவர்களின் பலம். 1907-இல் பயிற்சியாளர் பாப் வார்னர் திரும்பி வந்து அந்த வேகத்தைச் சுற்றியே ஆட்டத்தை அமைத்தார். அக்டோபர் 26 அன்று ஃபிலடெல்ஃபியாவில், அந்தப் பருவத்தில் வேறு எவரிடமும் தோற்காத பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியைக் கார்லைல் 26-6 என வீழ்த்தியது. பீட் ஹவுசரின் நீண்ட வீச்சுகள் பார்த்தவர்களைத் திகைக்கவைத்தன. பின்னர் ஹார்வர்டும் 23-15 என வீழ்ந்தது. சிகாகோவுடனான ஆட்டம் இன்னும் நுட்பமானது. பந்தைப் பிடிக்க ஓடும் ஆல்பர்ட் எக்சென்டைனை எதிரணியினர் ஓடவிடாமல் இடித்துத் தடுத்தார்கள். அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடி, கவனிப்பாரற்று மீண்டும் உள்ளே நுழைந்து, ஹவுசர் எறிந்த பந்தைப் பிடித்தார். முன்வீச்சைத் தடுக்க எதிரணி தனித்திட்டத்தோடு வந்தது என்பதே, அது அதற்குள் ஆட்டத்தின் மையத்துக்கு வந்துவிட்டதற்கு வலுவான சான்று.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1906-லேயே முன்வீச்சால் வென்றதே என்று கேட்கலாம். உண்மை; முதல் சட்டபூர்வ முன்வீச்சும் அவர்களுடையதே. ஆனால் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்த கிழக்குப் பகுதிக் கல்லூரிகளை அவர்கள் எதிர்கொள்ளவில்லை. பிரின்ஸ்டன் கார்லைலை 16-0 எனத் தோற்கடித்ததும் சுட்டப்படும். மழையில் சேறான திடலில் வேகமும் வீச்சும் எடுபடவில்லை. அது அம்முறையின் எல்லையைக் காட்டுகிறதே ஒழிய, அதை வெறும் தற்செயலாக்கிவிடவில்லை. மேலும், 1912-இல் வீச்சின் தூர வரம்பு நீக்கப்பட்ட பிறகு, தளர்ந்த விதிகளின் கீழ்தான் நோட்ர டேம் ஆடியது.

பிறகு ஏன் பெருமை இடம் மாறியது? அன்றைய பத்திரிகைகள் கார்லைலின் திட்டமிட்ட ஆட்டத்தை 'பூர்வகுடியினரின் தந்திரம்' என்று சுருக்கின, இது அநீதி. ராக்னியோ பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளரானார். 1940-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகி, 1913 ஆட்டத்தைக் கோடிக்கணக்கானோரிடம் கொண்டுசேர்த்தது. கார்லைல் பள்ளி 1918-இலேயே மூடப்பட்டுவிட்டது; அதன் வெற்றிகளை ஆண்டுதோறும் கொண்டாட அணியோ, திடலோ, பழைய மாணவர் கூட்டமோ எஞ்சவில்லை.