கதிரும் கொம்பும்

மழை ஓய்ந்த மாலையில், முகில்களின் இடைவெளியூடே ஞாயிற்றின் ஒளி கற்றை கற்றையாக நிலத்தை நோக்கி இறங்குவதைக் காண்கிறோம். காற்றில் மிதக்கும் தூசியும் நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறச் செய்வதாலேயே அக்கற்றைகள் கண்ணுக்குப் புலனாகின்றன. ஏறத்தாழ இணையாகவே வரும் அவை, நாம் நிற்கும் இடத்திலிருந்து நோக்க விரிந்து தோன்றுகின்றன. இத்தோற்றத்திற்கு எபிரேய மொழி தந்த சொல் ஒன்று திருச்சபை வரலாற்றில் நீண்ட நிழலை வீழ்த்தியுள்ளது.

'கெரென்' என்னும் எபிரேயச் சொல்லின் முதற்பொருள் கொம்பு. ஆபகூக் 3:4இல் இறைவனின் ஒளியைக் குறித்து வரும் இச்சொல்லை நமது பழைய திருப்புதல் 'கிரணங்கள்' எனப் பெயர்த்துள்ளது. 22ஆம் சங்கீதத்தின் தலைப்பில் 'விடியலின் பெண்மான்' என்னும் பொருளுடைய தொடர் ஒன்று உண்டு. மானின் கொம்புகள் இருபுறமும் கிளைப்பதுபோல் விடியலும் கிளைத்துப் பரவுகின்றது என்று தல்மூத் அதற்கு விளக்கம் கூறும்.

யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில், சீனாய் மலையினின்று இறங்கிய மோசேயின் முகத்தைக் குறிக்க இச்சொல்லின் வினைவடிவம் ஆளப்படுகின்றது. எழுபதின்மர் கிரேக்கப் பெயர்ப்பு அதனை மகிமையடைந்த முகம் என்றது. 2ஆம் நூற்றாண்டினரான அக்கில்லா சொல்லுக்குச் சொல்லாகக் கொம்பு என்றே கொண்டார். 405ஆம் ஆண்டளவில் லத்தீன் பெயர்ப்பை முடித்த ஜெரோமும் அவ்வாறே செய்தார். திருமறையில் கொம்பு வல்லமைக்கும் மேன்மைக்கும் அடையாளமாதலால், இதனை வெறும் அறியாமை என்று தள்ளிவிடலாகாது.

ஆனால் உருவகம் நாளடைவில் உருவமாயிற்று. 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்த ஓவியச்சுவடி ஒன்றில் மோசே கொம்புகளுடன் தோன்றுகிறார்; 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய சிலையிலும் கொம்புகள் உள்ளன. இதற்கிடையே, 1267இல் வியன்னாவில் கூடிய திருச்சபைச் சங்கம் யூதர்கள் கொம்புடைய தொப்பி அணியவேண்டுமெனக் கட்டளையிட்டது. இந்த இழிவிற்கு ஒரு பெயர்ப்பே காரணம் என்பது மிகையாகும். எனினும், மேன்மையைக் குறித்த கொம்பு வெறுப்பின் கருவியாகவும் மாறக்கூடும் என்பதை மறுக்கவியலாது. அதே ஐரோப்பாவில், 1105இல் மறைந்த யூத அறிஞர் ராஷி, ஒளி கொம்புபோல் நீண்டு வெளிப்படுவதையே அவ்வினை குறிக்கிறதென முன்னரே எளிதாக விளக்கியிருந்தார். அவ்விளக்கத்தைக் கேட்டறிய விரும்பியோர் சிலரே.

நமது 'கதிர்' என்னும் சொல்லும் ஒளியையும் நெற்கதிரையும் நூல் நூற்கும் கருவியையும் குறிக்கும். பேசுவோரின் வாழ்வை அறியாதவன் கதிரவனில் நெல்லைத் தேடக்கூடும். ஆகவே, மூலமொழியைக் கற்கும் மாணவர் அகராதியோடு நின்றுவிடலாகாது. அம்மொழிக்குரிய மக்களின் விளக்கத்தையும் பணிவுடன் கேட்டல் வேண்டும். அது இலக்கணக் கடமை மட்டுமன்று. அயலானுக்கு நாம் செலுத்தவேண்டிய நீதியுமாம்.